நோட்டு நிறையும் முன் காது நிறையட்டும்

ராணிப்பேட்டை மாவட்டத்து அரசு, நகராட்சி, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை பாடம் நடத்தும் ஆசிரியத் தோழமைகளுக்கு,



ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாலாற்றின் இரண்டு கரைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்களிடம் ஐந்து முடித்த பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். அவர்களுடைய நாலு கோடு நோட்டை வாங்கிப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். எழுத்து கோட்டை விட்டு இம்மி விலகியிருக்காது. அதே நோட்டில், அந்தப் பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு வரியைக் காட்டி, "இதைப் படி கண்ணு" என்றால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். கேள்விக்குப் பதில் கேட்டால் முதலிலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நடுவில் நிறுத்தி ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றால் விழிப்பான். மந்தமான பிள்ளைகளா என்றால், இல்லவே இல்லை. திருவிழாவுக்குச் சோளிங்கர் மலை ஏறி, குரங்கு தேங்காயைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய கதையைத் தமிழில் சொல்லச் சொன்னால், மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டார்கள்.

நம் மாவட்டத்தில் மட்டும் இப்படி இல்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் 'ஏசர்' ஆய்வின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்தவர்கள் 24.5 விழுக்காடு. 2016-இல் அது 24.7. ஆறு வருஷமாக அசையவில்லை. நான்கு பிள்ளைகளில் மூன்று பேர், ஐந்து ஆண்டுகள் ஆங்கிலப் பாடவேளையில் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாக்கியம் படிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். முதல் மூன்று வகுப்புகளில் ஆங்கில நேரத்தின் பெரும்பகுதியைக் காதுக்கும் வாய்க்கும் கொடுங்கள். நாளுக்கு ஒரு கதையாவது பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கட்டும், புரிந்து கேட்கட்டும். எழுதுவது அதற்குப் பின்னால் வரட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கும் பிள்ளை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், அதுவரை சுமார் 14,600 மணி நேரம் வீட்டு மொழியைக் கேட்டிருக்கிறது. அதில் முதல் ஓராண்டு கேட்டதோடு சரி, பேசவே இல்லை. பேசு என்று யாரும் பிரம்பெடுக்கவும் இல்லை. ஆங்கிலத்துக்கு நம்மிடம் இருப்பது எவ்வளவு? நாளுக்கு முக்கால் மணி, ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 150 மணி நேரம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 750. அதில் பாதி, போர்டில் இருப்பதைப் பார்த்து நோட்டில் இறக்குவதில் போய்விட்டால், பிள்ளை ஆங்கிலம் கேட்பதற்கு மிஞ்சுவது ஐந்து வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் மணி நேரம். அந்த நேரத்திலும் நாம் தமிழில் விளக்கிக்கொண்டிருப்பது கணிசம். காதில் விழாத மொழி வாயில் எங்கிருந்து வரும்?

நோட்டு ஏன் நிறைகிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் மேல் பழி போட நான் வரவில்லை. காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பிறகு இறங்கும் அம்மாவுக்குப் பிள்ளை என்ன படித்தது என்று பார்க்க நோட்டை விட்டால் வேறு வழி இல்லை. பத்துப் பக்கம் எழுதியிருந்தால் டீச்சர் நன்றாக நடத்துகிறார் என்று நிம்மதியாகப் படுப்பார். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தால் முதலில் எடுப்பதும் நோட்டுதான். தலைமை ஆசிரியருக்கும் அதுவே அத்தாட்சி. பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளிப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே பத்தி பத்தியாக எழுதுகிறது, நம் பிள்ளை எழுதவில்லையே என்ற பேச்சு வேறு. ஆசிரியர் ஒருவர், வகுப்புகள் மூன்று, அறை ஒன்று என்றிருக்கும் பள்ளியில், ஒரு வகுப்பு எழுதிக்கொண்டிருந்தால்தான் இன்னொரு வகுப்பைக் கவனிக்க முடியும் என்ற நெருக்கடியும் இருக்கிறது. இத்தனையும் சேர்ந்துதான் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கின்றன.

ஆனால் நோட்டுக்குப் பதிலாக வீட்டுக்கு எடுத்துப் போக இன்னொன்றை நாம் கொடுக்கலாம். பிள்ளை தன் குரலைக் கொண்டுபோகட்டும். "இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டு வா" என்பதுதான் வீட்டுப்பாடம். நாலே வாக்கியம் போதும். சோறு வடித்துக்கொண்டே அம்மா கேட்பார். தன் பிள்ளை வாயிலிருந்து ஆங்கிலம் வருவதைக் கேட்ட பிறகு எந்தத் தாயும் நோட்டு ஏன் காலி என்று கேட்க மாட்டார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு பிள்ளையின் குரல் பதிவைப் போடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் எழுந்து ஒரு சின்னப் புத்தகத்தை வாசித்துக் காட்டட்டும். அலுவலர் வந்தாலும் அதையே செய்யட்டும்.

இனி எங்கிருந்து தொடங்குவது என்பது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிப்காட்டைச் சுற்றியும் மேல்விஷாரத்திலும், அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வரைக்கும், வீட்டுக்கு ஒருவராவது டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருக்கும் தெருக்கள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அம்மா எந்த செக்‌ஷன்? "ஸ்டிச்சிங் மிஸ்." அக்கா? "பேக்கிங்." பெரியம்மா? "முன்ன கட்டிங்ல இருந்தாங்க, இப்ப செக்கிங்." மாமா வேலை செய்யும் டேனரியில் வெட் புளூ வருகிறது, கிரஸ்ட் வருகிறது, ஃபினிஷிங் நடக்கிறது. ஷிப்ட், ஓவர்டைம், ரிஜெக்ட், ஷிப்மென்ட், சூப்பர்வைசர். அப்பர், சோல், ஹீல், லேஸ், லைனிங். கட்டில் அடியில் தவழ்ந்த காலத்திலிருந்து பிள்ளை கேட்ட சொற்கள் இவை. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்து ஆப்பிளை விட நெருக்கமானவை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம். கட், ஃபோல்ட், ஸ்டிச், பேஸ்ட், பேக், செக்: ஆறு வினைச்சொற்கள். ஆளுக்கொரு பழைய செய்தித்தாளைக் கொடுங்கள். "ஃபோல்ட் த பேப்பர்" என்று சொல்லி நீங்கள் மடியுங்கள், அவர்கள் மடிப்பார்கள். "கட் இட்." "பேஸ்ட் இட் ஹியர்." வாய் திறந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டதைக் கை செய்தால் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஆய்ந்து பரப்பிய முறை இதுவே. கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யும்போது புதிய மொழி மனதில் தங்குகிறது. பேச்சு தானாகப் பின்னால் வருகிறது. நாலாம் நாள் ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, நீ டீச்சர், நீ சொல்லு என்றால் சொல்லும். அதன் பிறகு, "மை மதர் இஸ் ஸ்டிச்சிங்" என்று நீங்கள் தொடங்கினால், இத்தனை காலம் ஒரு செக்‌ஷனின் பெயராக மட்டுமே இருந்த சொல் அந்தப் பிள்ளைக்குள் ஒரு வேலையாக, ஓர் அசைவாக மாறும். இலக்கணப் புத்தகத்தில் நிகழ்காலத் தொடர்வினை என்று நாம் கஷ்டப்பட்டு நடத்துவதன் வாசல் அது.

"பிள்ளை தோல் கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னுதானே படிக்க அனுப்புறாங்க, அங்க பேசுற வார்த்தையையே சொல்லித் தரலாமா?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்பதை இந்தச் சொற்கள் தீர்மானிப்பதில்லை. எங்கிருந்து கிளம்புகிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. அம்மாவின் வேலைக்கு வகுப்பறையில் இடம் கிடைக்கும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். திமிரி, கலவை, நெமிலிப் பக்கம் தோல் கம்பெனி இல்லாத ஊர்களில் டிராக்டர், மோட்டார், பைப், போர்வெல், லோடு என்று வேறு ஒரு சொற்குவியல் காத்திருக்கிறது.

அடுத்தது கதை. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் ஃபிஜித் தீவு. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் அங்கே கிராமத்துப் பள்ளிகள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சில பள்ளிகளின் வகுப்பறைகளுக்குப் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பிள்ளைகளோடு பேசினார். இன்னொரு பிரிவில் பிள்ளைகள் தாமாக மௌனமாக வாசித்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான இலக்கணப் பயிற்சி தொடர்ந்தது. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, புத்தகம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பார்த்தபோது வாசிப்போடு எழுத்தும் இலக்கணமும்கூட வளர்ந்திருந்தன. இலக்கணம் படித்தவர்களை விடக் கதை படித்தவர்களுக்கு இலக்கணம் நன்றாக வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1903 முதல் தென்னிந்தியாவிலிருந்து ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளர்களில் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். அந்தத் தீவின் வகுப்பறைகள் நமக்கு அவ்வளவு அந்நியமானவை அல்ல.

250 புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை ஆங்கிலத்திலும் தமிழிலும் உருதுவிலும் இருப்பதுண்டு. இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், ஸ்மார்ட் போர்டில் காட்டலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரு பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தமிழுக்கு 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகச் சின்னப் புத்தகங்கள் கொடுத்ததே, பிள்ளைகள் அதை எப்படி அள்ளிக்கொண்டார்கள் என்று நீங்கள் பார்த்தீர்கள். ஆங்கிலத்துக்கும் அதே பசி இருக்கிறது.

புத்தகமே இல்லாவிட்டாலும் கதை சொல்லலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக எடுங்கள். காக்கா வடை சுட்ட பாட்டியிடமிருந்து வடையைத் தூக்கிய கதை ஒன்றாம் வகுப்புக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில், ஆறேழு வாக்கியத்தில், கையையும் முகத்தையும் பயன்படுத்திச் சொல்லுங்கள். கதை தெரிந்திருப்பதால் பொருள் தேடி மனம் அலையாது. புதிய ஒலிகளைப் பிடித்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும். ஒரே கதையை நாலு நாள் சொல்லுங்கள். நமக்கு அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது. மூன்றாம் நாள் ஒரு வாக்கியத்தின் நடுவே நீங்கள் நிறுத்தினால் வகுப்பு மொத்தமும் மிச்சத்தைக் கத்தும். நாலு, ஐந்தாம் வகுப்புக்குத் தேசிங்கு ராஜா கதை இருக்கிறது. 1714-இல் போரில் மாண்ட செஞ்சி தேசிங்கின் ராணி பெயரால்தான் நம் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். யாராலும் அடக்க முடியாத குதிரையைத் தேசிங்கு அடக்கிய பகுதியை எடுங்கள். குதிரை, ஓட்டம், பயம், பந்தயம் எல்லாம் அதில் உண்டு.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று பயிற்சிகளில் கேட்கிறவர்கள் உண்டு. பேசலாம். பிள்ளை கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுப் பதிலைத் தமிழில் சொன்னால், அது புரிந்துகொண்டது என்று அர்த்தம். அதை ஏற்றுக்கொண்டு அந்தப் பதிலை ஆங்கிலத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். ஆனால் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் உடனே தமிழ் சொல்லிக்கொண்டே போனால், பிள்ளை ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்காகக் காத்திருக்கும். படத்தாலும் செய்கையாலும் முடியாத இடத்தில் தமிழ் வரட்டும். மேல்விஷாரத்திலும் ஆற்காட்டின் சில தெருக்களிலும் வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு, பள்ளித் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. சோளிங்கர் எல்லையில் தெலுங்கு. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தி. அந்தப் பிள்ளையை ஒருநாள் முன்னால் நிறுத்தி, பூனைக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஒரு பொருளுக்கு நாலு பெயர் இருக்கலாம் என்பது பிடிபட்டால் ஐந்தாவது பெயர் பயமுறுத்தாது.

தமிழ் வாசிப்பை ஆங்கிலத்துக்குப் போட்டியாக நினைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொழியில் வாசிக்கப் பழகிய திறன் இன்னொரு மொழிக்கு ஏறிப் போகும் என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே விளக்கினார். என் வகுப்பிலும் அதையே கண்டேன். தமிழைச் சரளமாகப் படித்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுத்தருவது சுலபமாக இருந்தது. தமிழும் வராமல் வந்த பிள்ளையோடுதான் போராட வேண்டியிருந்தது.

எழுத்துக்கு வரும்போது, ஏ பி சி டி என்று எழுத்தின் பெயரைப் பாட்டாகப் பாடும் பிள்ளைக்கு அதை வைத்து ஒரு சொல்லும் படிக்க வராது. 'பி ஏ டி' என்று கூட்டினால் 'பேட்' எங்கே கிடைக்கும்? எழுத்தின் ஒலியைக் கற்றுத்தாருங்கள். ஒரு குறில் ஒலியை வைத்துக்கொண்டு கேட், பேட், ரேட், மேட் என்று ஒரு குடும்பமாகச் சேருங்கள். நம் பிள்ளைகளுக்குச் சிக்கும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். தமிழில் 'ப' ஒன்றே. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகள். 'பிக்' என்று நாம் எழுதினால் பெரியது என்றும் படிக்கலாம், பன்றி என்றும் படிக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை இரண்டாம் வகுப்போடு நிறுத்தச் சொல்வது இதனால்தான். மெய்யில் முடியும் சொல்லுக்கு 'புக்கு', 'பஸ்ஸு' என்று வால் சேர்ப்பதும், 'இஸ்கூல்' என்று தலை சேர்ப்பதும் நம் நாக்கின் இயல்பு. அதைக் கேலி செய்யாதீர்கள். சரியான ஒலியைத் தினம் கேட்டால் தானே தேயும்.

தவறு செய்யும் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள் என்று இதையொட்டிக் கெஞ்சிக் கேட்கிறேன். "மிஸ், ஹீ மை பென்சில் டேக்" என்று ஒரு பிள்ளை ஓடி வந்தால், அது ஆங்கிலத்தில் புகார் சொல்ல வந்திருக்கிறது. அந்த வயதில் அதைவிடப் பெரிய சாதனை இல்லை. "ஓ, ஹீ டுக் யுவர் பென்சில்?" என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, பென்சிலை வாங்கிக் கொடுங்கள். பத்து முறை அப்படிக் கேட்ட பிறகு பதினோராவது முறை பிள்ளையே சரியாகச் சொல்லும். ஒரு முறை சிரித்துவிட்டால் எட்டாம் வகுப்பு வரை வாய் திறக்காது. அப்படித் திறக்காத வாய்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய பிள்ளைகளை, அதாவது உங்கள் ஐந்தாம் வகுப்பைப் பொறுத்தவரை, நம் மண்ணிலேயே நடந்த ஒரு பரிசோதனையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராஸ் மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் ஒரு பெருமுயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் சிலருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு என்று உருண்டு பெருகும் ஏற்பாடு. வட்டார வள மையப் பயிற்சிகளில் இன்றும் நாம் காண்பது அதன் பேரப்பிள்ளையைத்தான். வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அன்றைய முறை. வகுப்பில் வாக்கியம் வந்தது. வகுப்புக்கு வெளியே, தேவைப்பட்ட இடத்தில் வரவில்லை.

அந்தக் குறையை யோசித்தவர்களில் ஒருவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவரும் தோழர்களும் வேறு மாதிரி நடத்திப் பார்த்தார்கள். இலக்கணப் பாடம் என்று ஒன்றை வைக்கவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், கடைக் கணக்கு, வகுப்பு நேர அட்டவணை இவற்றை வைத்து ஒரு புதிரை, ஒரு வேலையை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். விடை கண்டுபிடிப்பதில் பிள்ளையின் புத்தி மும்முரமாக இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 1987-இல் அவர் எழுதிய நூல் வழியாக உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள்; செயல்பணி வழிக் கற்பித்தல் என்று இன்று பல நாடுகள் கடைப்பிடிப்பதற்கு அது ஒரு முன்னோடி. நம் ஆசிரியர் பயிற்சிகளில் அவர் பெயர் இன்னும் அடிக்கடி ஒலிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ரயில் அட்டவணைக்கு நம்மை விடப் பொருத்தமான மாவட்டம் ஏது? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். அரக்கோணத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடும் நாலைந்து ரயில்களின் நேரத்தை ஒரு சார்ட்டில் ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். "நீ வாலாஜா ரோட்டில் ஒன்பது மணிக்கு நிற்கிறாய். பதினொன்றரைக்குள் சென்னையில் இருக்க வேண்டும். எந்த ரயில்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் வாதாடட்டும், பதில் ஆங்கிலத்தில் வரட்டும். முத்துக்கடை பஸ் ஸ்டாண்டு, சந்தைக் காய்கறி விலை, சத்துணவுப் பட்டியல், எதை வேண்டுமானாலும் இப்படிப் புதிராக்கலாம்.

சீக்கிரம் தொடங்கினால் போதும், தானே வந்துவிடும் என்ற எண்ணம் பெற்றோரிடம் பலமாக இருக்கிறது. எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கிலம், அரசுப் பள்ளியிலும் ஆங்கில வழிப் பிரிவு என்று நாம் வந்த பாதை அந்த எண்ணத்தின் மேல் போடப்பட்டது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் பல ஆண்டுகள் ஆய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு வேறு. எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும், இருவருக்கும் பாட நேரம் சமமாக இருக்கும்படி வைத்து ஒப்பிட்டார்கள். பிந்தித் தொடங்கியவர்களே வேகமாகக் கற்றிருந்தார்கள். வகுப்பறையில் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் கிடைக்கும் மொழிக்கு வயது மட்டும் உதவாது. சிறு பிள்ளைக்கு இருக்கும் வரம் வேறு: திரும்பத் திரும்பக் கேட்க அலுக்காத காது, வெட்கம் அறியாத வாய், கதைக்கு ஏங்கும் மனம். ஆறேழு வயதில் இந்த மூன்றையும் பயன்படுத்தாமல் எழுத்தை மட்டும் எழுதவைத்தால், சீக்கிரம் தொடங்கியதன் பலனைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் சிரமத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

நான் கேட்பதில் அரசின் திட்டத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பாட்டும் கதையும் செய்கையும் இருக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து தொடங்க அனுமதி இருக்கிறது. நேரம் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கதையாகவும், கடைசி வரை தப்பிப் பிழைப்பது எழுத்து வேலையாகவும் இருக்கக் கூடாது என்பதே என் மன்றாட்டு.

"எனக்கே சரளமாப் பேச வராதே டீச்சர்" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்து, ஆசிரியர் பட்டயம் முடித்து வந்தவர்களின் அந்தத் தயக்கம் எனக்குப் புரியும். ஒன்றாம் வகுப்புக்கு ஆறேழு வாக்கியக் கதை சொல்லத் தேவையான ஆங்கிலம் உங்களிடம் இருக்கிறது. முதல் நாள் வீட்டில் மூன்று முறை வாய்விட்டு வாசித்துவிட்டுப் போங்கள். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால், பாடப் புத்தகத்தின் கியூஆர் குறியீட்டில் ஒலிப்பதிவு இருக்கிறதா பாருங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் வாசித்துக் காட்டும் கதைகளும் உண்டு. அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். டீச்சரும் நம்மோடு கற்கிறார் என்பதைப் பிள்ளை பார்ப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிக் கேளுங்கள். ஆளுக்கொரு கதை, உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள கதை, பன்னிரண்டு வாக்கியத்துக்கு மிகாமல் எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசித்துத் திருத்துங்கள். ஓவியம் வரையத் தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஒருவராவது இருப்பார். அவரிடம் படத்துக்குக் கொடுங்கள். ஒரு ஆண்டுக்குள் நம் மாவட்டத்துக்கென்று நூறு கதைகள் சேர்ந்துவிடும். ஸ்டிச்சிங் செக்‌ஷன் அம்மாவின் கதையும், ஆற்காட்டு டெல்லி கேட்டின் கதையும், பாலாற்றில் தண்ணீர் வந்த நாளின் கதையும் அதில் இருக்க வேண்டும். தேசிங்கின் குதிரைக் கதையை நான் எழுதிவிட்டேன். பன்னிரண்டு வாக்கியம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் அதில் நான்கு. கூப்பிட்ட கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஆற்காடு